மலிவு விலையும் மஞ்சள் கடுதாசியும்

2005-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஒரு கணினி நிறுவனம் நொடித்து வீழ்ந்தது. கிரான்வில் டெக்னாலஜி குழுமம் என்பது அதன் சட்டப் பெயர். மக்கள் அறிந்திருந்த பெயர்கள் டைம், டைனி என்பன. பர்ன்லி நகரை அடுத்த சைமன்ஸ்டோன் என்னும் ஊரில் கணினிகளைக் கோத்து, நாடெங்கும் இருந்த தன் கடைகள் வழியாகவும் நாளேட்டு விளம்பரங்கள் வழியாகவும் குறைந்த விலைக்கு விற்றுவந்த நிறுவனம் அது. கிராண்ட் தார்ன்டன் என்னும் கணக்காய்வு நிறுவனத்தார் நொடிப்பு நிர்வாகிகளாக அமர்ந்தனர். ஏறத்தாழ 1,500 தொழிலாளர்கள் வேலையிழந்தனர். பணம் செலுத்திவிட்டுக் கணினிக்காகக் காத்திருந்த குடும்பங்கள், தாங்கள் ஒரு கடையின் வாடிக்கையாளர்கள் என்ற நிலை போய், ஒரு திவால் வழக்கின் கடனீந்தோர் ஆகிவிட்டதை அறிந்துகொண்டன.

இருபதாண்டு கடந்த இச்செய்தியை இன்று கிளறுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய வீழ்ச்சி நேரும்போதெல்லாம் முதலாளித்துவ ஏடுகள் ஒரே விளக்கத்தைத் தருகின்றன. போட்டியில் தோற்றவர் மறைவார், வென்றவர் நிற்பார், சந்தை தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும், நுகர்வோர் மட்டும் சற்று விழிப்போடு இருந்தால் போதும் என்பதே அவ்விளக்கம். இது பொய். மலிவு விலைக் கடையின் மூலதனத்தில் ஒரு பெரும்பகுதி, அங்கே வேலை செய்தவரும் அங்கே பொருள் வாங்கியவரும் தாம் அறியாமலே கொடுத்த வட்டியில்லாக் கடன். கடை வீழ்ந்த பின் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது சந்தையும் அன்று. சட்டம் வகுத்த வரிசை அதைத் தீர்மானிக்கிறது. அந்த வரிசை வர்க்க வரிசை. நம் நாட்டில் 2016-இல் இயற்றப்பட்ட நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பும் அதே வரிசையைத்தான் நிலைநிறுத்தியிருக்கிறது. எனவே லங்காஷயரின் கதை நமக்கும் உரியது.

மலிவு எங்கிருந்து வந்தது?

1990களின் பிற்பகுதியில் பிரிட்டனின் உழைக்கும் குடும்பங்களிடம் ஓர் அச்சம் விதைக்கப்பட்டது. வீட்டில் கணினி இல்லையேல் பிள்ளையின் படிப்புப் பின்தங்கும், வருங்கால வேலை கைநழுவும் என்பது அந்த அச்சம். அதை விலையாக மாற்றியவை டைம், டைனி போன்ற நிறுவனங்கள். நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. ஸ்டார் டிரெக் தொடரின் நடிகர் லியோனார்ட் நிமோய் டைம் நிறுவனத்தின் விளம்பரங்களில் தோன்றினார். இப்போது வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள் என்ற தவணைத் திட்டங்களும் கூடுதல் ஆண்டுகளுக்கான உத்தரவாதங்களும் விற்கப்பட்டன. டைனி நிறுவனம் 2002 ஜனவரியிலேயே நொடித்தது. டைம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, வாங்கியதும் வீழ்ந்தது.

இவ்வகை வணிகத்தின் உள்ளியக்கத்தைப் பார்க்க வேண்டும். கணினி உதிரிப்பாகங்களின் விலை மாதந்தோறும் சரிகிறது. எனவே சரக்கைக் கிடங்கில் வைத்திருப்பவர் நட்டமடைவார். முதலில் வாடிக்கையாளரிடம் பணத்தைப் பெற்று, பிறகு உதிரிப்பாகங்களைத் தருவித்து, கணினியைக் கோத்து அனுப்பி, உதிரிப்பாகம் கொடுத்தவருக்கு இன்னும் தாமதமாகப் பணம் தருபவரே பிழைப்பார். அமெரிக்காவின் டெல் நிறுவனம் இம்முறையில் பெருவளர்ச்சி கண்டது. வாடிக்கையாளரின் பணம் கைக்கு வரும் நாளுக்கும் வழங்குநருக்கு அது போய்ச்சேரும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்தில், அப்பணம் நிறுவனத்தின் இயங்கு மூலதனம். வங்கியிடம் கேட்டால் வட்டி கொடுக்க வேண்டிய தொகை இங்கே வட்டியின்றிக் கிடைக்கிறது. விற்பனை பெருகும் வரை இச்சக்கரம் சுழலும். போட்டி முற்றி, விலை மேலும் சரிந்து, விற்பனை தேங்கும் நாளில், நேற்றைய வாடிக்கையாளருக்கான கணினியை நாளைய வாடிக்கையாளரின் பணத்தில்தான் கோக்க முடியும் என்ற நிலை வரும். அந்த நாளைய வாடிக்கையாளர் வராதபோது சக்கரம் நின்றுவிடும்.

கூடுதல் உத்தரவாதத்தின் கதையும் இதுவே. மூன்றாண்டுக்கும் ஐந்தாண்டுக்கும் பின்னர் செய்யப்போகும் பழுதுநீக்கத்துக்கான கட்டணம் இன்றே வாங்கப்படுகிறது. அது இன்றைய வருவாயாகச் செலவாகிறது. காப்பீட்டு நிறுவனம் ஒன்று பின்னால் நில்லாதபோது, வாக்களித்தவர் மறைந்தால் வாக்கும் மறையும். இயந்திரம் வீட்டில் இருக்கும். அதைப் பழுதுநீக்கக் கடப்பாடுடையவர் எவரும் இருக்கமாட்டார்.

நம் ஊர்ப்புறங்களில் திவாலானவரை மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்பார்கள். ஊரார் அவரை முகம் பார்த்து வசை பாடவாவது முடியும். வரையறுத்த பொறுப்புடைய நிறுமத்துக்கு முகம் இல்லை. பங்குதாரர் தாம் போட்ட பங்குத் தொகைக்கு மேல் ஒரு காசும் இழக்கமாட்டார் என்பது பிரிட்டனில் 1855 முதல் சட்டம். பொறுப்புக்கு வரையறை உடையவர் ஒருவரே. வேலை செய்தவரின் இழப்புக்கோ, பணம் கட்டியவரின் இழப்புக்கோ சட்டம் எந்த வரையறையும் இடவில்லை.

வரிசை எனும் வர்க்கச் சட்டம்

ஆங்கிலச் சட்டச் சொற்களைத் தமிழாக்கும் வேலையில் இருப்பவருக்கு அச்சொற்களின் தந்திரம் எளிதில் புலப்படும். பிரிட்டனில் ஒரு நிறுவனம் நொடித்தால் அது ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ நிலைக்குச் சென்றது என்பார்கள். அகராதிப்படி ‘நிர்வாகம்’ என்று பெயர்த்தால், ஏதோ நல்ல நிர்வாகம் இப்போதுதான் தொடங்கியது போல் ஒலிக்கும். நம் வங்கிகள் தள்ளுபடி செய்யும் கடனை ‘ஹேர்கட்’ என்கின்றன. வெட்டிய முடி வளரும். பொதுத்துறை வங்கியிலிருந்து போன மக்கள் பணம் வளர்வதில்லை. எல்லாவற்றினும் கூரியது ‘அன்செக்யூர்டு கிரெடிட்டர்’ என்பது. பிணையற்ற கடனீந்தோர் என்று நாம் எழுதுகிறோம். கேட்பவருக்கு, பிணை வாங்காமல் அசட்டையாகக் கடன் கொடுத்த ஒருவரின் உருவம் மனத்தில் எழும். உண்மையில் அவர் யார்? பிள்ளைக்குக் கணினி வாங்கக் கடைக்குப் போனவர். அவர் எவருக்கும் கடன் கொடுக்க எண்ணவில்லை. அவரிடம் பிணை வேண்டுமா என்று எவரும் கேட்கவுமில்லை.

பிரிட்டனின் நொடிப்புச் சட்டம் வகுக்கும் வரிசை சுருக்கமாக இது. குறிப்பிட்ட சொத்தின் மீது பிணை பெற்ற வங்கி முதலில் அதை எடுத்துக்கொள்ளும். நொடிப்பு நிர்வாகிகளின் கட்டணமும் செலவும் அடுத்து. பிறகு, தொழிலாளியின் ஊதியப் பாக்கியில் ஒரு சிறு பகுதி. அதன் பிறகு, சரக்கு, வரவேண்டிய தொகை உள்ளிட்ட மாறிக்கொண்டேயிருக்கும் சொத்துக்களின் மீதும் மிதவைப் பிணை எழுதி வாங்கிய வங்கி மீண்டும் வரும். அனைவரும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியிருந்தால் அது பிணையற்றோருக்கு. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்னும் பழமொழியை வங்கிகளுக்காகவே சட்டமாக எழுதி வைத்தது போல் இருக்கிறது.

இதன் வேர் பழையது. 1896-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த சாலமன் வழக்கைச் சட்டம் படிப்பவர் அனைவரும் அறிவர். காலணித் தொழில் நடத்திய ஒருவர் தன் தொழிலைத் தன் குடும்பத்தார் மட்டுமே பங்குதாரர்களாக உள்ள நிறுமம் ஒன்றுக்கு விற்றார். விலையின் ஒரு பகுதிக்குப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். நிறுமம் வீழ்ந்தபோது, உரிமையாளரான அவரே பிணையுள்ள கடனீந்தோராகவும் வரிசையின் முன்னால் நின்றார். பொருள் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நிறுமம் வேறு, அதன் முதலாளி வேறு என்று சபை தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவரான மக்நாட்டன் பிரபுவே, பிணைப் பத்திரம் வைத்திருப்போர் எல்லாவற்றையும் வாரிச் சென்றுவிடுவது பெரும் அவக்கேடு என்று அதே தீர்ப்பில் குறிப்பிட்டார். நூறாண்டுக்கு மேலாகியும் அந்த அவக்கேடு சட்டமாகவே நீடிக்கிறது.

2002-இல் இயற்றப்பட்ட தொழில் முனைவுச் சட்டம் இதைச் சீர்திருத்திவிட்டதாகச் சிலர் வாதிடுவர். மிதவைப் பிணையின் கீழ் வரும் தொகையிலிருந்து அதிகபட்சம் 6 லட்சம் பவுண்டைப் பிணையற்றோருக்கு ஒதுக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது உண்மை. ஆனால் 2003 செப்டம்பர் 15-க்குப் பின் எழுதப்பட்ட பிணைகளுக்கே அது பொருந்தும். அந்தச் சிறு தொகையையும் உதிரிப்பாகம் வழங்கிய பெரு நிறுவனங்களும், விளம்பரக் கட்டணம் வரவேண்டிய நிறுவனங்களும், கடை வாடகை வரவேண்டிய நில உரிமையாளர்களும், ஒற்றைக் கணினிக்குப் பணம் கட்டிய குடும்பமும் ஒரே விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளருக்குள்ளும் சட்டம் ஒரு பிரிவினை செய்கிறது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டிலோ, கடையோடு இணைந்த கடன் நிறுவனத்தின் தவணையிலோ வாங்கியவர், பொருள் வராதபோது அக்கடன் நிறுவனத்திடமே பணத்தைக் கேட்கலாம். நல்ல பாதுகாப்பு, இயக்கங்கள் போராடிப் பெற்றது போன்ற மதிப்புடையது. ஆனால் கடன் பெறும் தகுதி உமக்கு இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பியவர் எப்படி வாங்குவார்? பல மாதம் சேர்த்த ரொக்கத்தை எண்ணிக் கொடுப்பார், காசோலை தருவார், டெபிட் கார்டை நீட்டுவார். அவருக்கு 75-ஆம் பிரிவு இல்லை. கடன்படத் தகுதியுள்ளவருக்குப் பாதுகாப்பு. கடன்படாமல் வாங்கியவருக்கு வரிசையின் கடைசி இடம். விழிப்போடு இருங்கள் என்ற அறிவுரையின் உட்பொருள் இதுதான். ஏழையாக இராதீர்கள் என்று அது அறிவுறுத்துகிறது.

தொழிலாளி கொடுத்த கடன்

மூலதனம் முதல் தொகுதியில், உழைப்புச் சக்தியை வாங்குவதும் விற்பதும் குறித்த அத்தியாயத்தில், மார்க்ஸ் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். தொழிலாளி முதலில் வேலை செய்கிறார், கூலி பிறகுதான் வருகிறது. ஆகவே எங்கும் தொழிலாளியே முதலாளிக்குக் கடன் கொடுக்கிறார். இக்கடன் கற்பனையன்று என்பதற்கு, முதலாளி திவாலாகும்போது கூலி பறிபோவதையே அவர் சான்றாகக் காட்டினார். 1867-இல் எழுதியது 2005-இல் லங்காஷயரில் மீண்டும் மெய்யாயிற்று.

பர்ன்லி எத்தகைய ஊர் என்பதை நாம் அறிய வேண்டும். நம் நாட்டு நெசவை நசுக்கி வளர்ந்த லங்காஷயர்ப் பருத்தித் தொழிலின் பெரும் மையங்களுள் ஒன்று அது. காலனிச் சந்தை சுருங்கியதும் மூலதனம் அவ்வாலைகளைக் கைவிட்டது. அதன் பின் சைமன்ஸ்டோனில் மல்லார்ட் நிறுவனம் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்தது. அதுவும் போயிற்று. அடுத்துக் கணினி வந்தது. தறி, படக்குழாய், கணினி என்று ஒவ்வொன்றும் வந்தபோது எதிர்காலம் வந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. ஒவ்வொன்றும் போனபோது அதே மக்கள் தெருவில் நின்றனர். 2001-இல் இனக் கலவரம் கண்ட நகரம் அது. 2003 நகராட்சித் தேர்தலுக்குப் பின் அங்கே நிறவெறி கொண்ட பிரிட்டிஷ் தேசியக் கட்சிக்கு 8 உறுப்பினர்கள் இருந்தனர். வேலையைக் கொன்றது மூலதனம்; பழி அண்டை வீட்டு ஆசியக் குடும்பத்தின் மேல் விழுந்தது. அத்தகைய மண்ணில்தான் மேலும் ஓர் ஆலை மூடப்பட்டது.

சட்டம் அத்தொழிலாளிக்குக் கொடுத்தது என்ன? ஊதியப் பாக்கிக்கு முன்னுரிமை உண்டு. கடைசி நான்கு மாதங்களுக்கு, 800 பவுண்டு வரை மட்டும். அதற்கு மேற்பட்ட பாக்கிக்கு அவரும் பிணையற்றவரே. ஆட்குறைப்பு இழப்பீட்டை முதலாளி தராதபோது தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து அரசு தரும். ஆனால் ஒரு வார ஊதியம் எவ்வளவாயினும் 2005-இல் 280 பவுண்டுக்கு மேல் கணக்கில் கொள்ளப்படவில்லை. அந்நிதி தொழிலாளர்களும் முதலாளிகளும் மாதந்தோறும் செலுத்தும் பங்களிப்பால் ஆனது. அதாவது ஒரு முதலாளி விட்டுச் சென்ற சுமையைச் சமூகம் சுமக்கிறது. இலாபம் தனியுடைமை, இழப்பு பொதுவுடைமை!

100 பேருக்கு மேல் ஆட்குறைப்பு செய்யுமுன் 90 நாட்கள் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. 2013-இல் அதை 45 நாட்களாகக் குறைத்தார்கள். கடைத் தொழிலாளிக்கு அதுவும் கைகூடவில்லை. 2009 ஜனவரிக்குள் மூடப்பட்ட உல்வொர்த்ஸ் கடைத்தொடரில் ஏறத்தாழ 27,000 பேர் வேலையிழந்தனர். கலந்தாலோசிக்காமைக்கான இழப்பீட்டை வென்றபோது, 20-க்குக் குறைவானோர் வேலை செய்த சிறு கடைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 3,200 பேர் விலக்கப்பட்டனர். ஒவ்வொரு கடையும் தனித்தனி நிறுவனம் என்ற வாதத்தை 2015 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்றது. இலாபம் கணக்கிடும்போது எல்லாக் கடையும் ஒன்று. தொழிலாளியின் உரிமையைக் கணக்கிடும்போது ஒவ்வொரு கடையும் ஒரு தீவு.

படிப்பினையை மறுத்தவர்கள்

2005-இன் பாடம் கற்கப்படவில்லை. அடுத்த ஆண்டே, 2006 அக்டோபரில், பேர்பாக் என்னும் கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் வீழ்ந்தது. பண்டிகைப் பொருளுக்காக வாரந்தோறும் சிறுதொகை கட்டிவந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் ஏழைத் தாய்மார், பணத்தை இழந்தனர். நம் ஊர்த் தீபாவளிச் சீட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்நிறுவனக் குழுமத்துக்குக் கடன் கொடுத்திருந்த எச்.பி.ஓ.எஸ். வங்கி, வீழ்ச்சி நெருங்கிய மாதங்களிலும் மக்களின் சேமிப்பு உள்ளே வந்துகொண்டிருக்க, தன் கடனைக் குறைத்துக்கொண்டிருந்தது. 2012-இல் உயர் நீதிமன்ற நீதிபதி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் வங்கி செய்தது சட்டத்துக்கு உட்பட்டதே என்றும் கூறினார். மக்கள் சினத்துக்குப் பின் லாயிட்ஸ் வங்கிக் குழுமம் 80 லட்சம் பவுண்டைக் கூடுதலாகத் தந்தது. சட்டம் தராததை, ஆறாண்டு ஓயாமல் குரல் கொடுத்த தாய்மார் பெற்றனர்.

முன்பணம் கட்டும் நுகர்வோரில் மிகவும் நலிந்தவர்களுக்காவது வரிசையில் ஓரளவு முன்னுரிமை தரலாம் என்று 2016-இல் பிரிட்டனின் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. நுகர்வோரின் இடம் மாறவில்லை. ஆனால் 2020 டிசம்பர் 1 முதல், நிறுவனங்கள் மக்களிடம் வசூலித்து வைத்திருக்கும் சில வரிகளுக்கு அரசு தனக்கென முன்னுரிமையை மீண்டும் எடுத்துக்கொண்டது. வரிசையை மாற்றினால் கடன் சந்தை குலையும் என்று நுகர்வோருக்குச் சொல்லப்படும் பாடம், கருவூலத்துக்குப் பொருந்தவில்லை. வரிசையை மாற்ற முடியும் என்பதை அவர்களே மெய்ப்பித்தார்கள்.

நம் நாட்டின் வரிசை

இந்தியாவில் தொழிலாளி வர்க்கம் இவ்வரிசையில் ஒருமுறை முன்னேறியது. 1985-இல் நிறுமச் சட்டத்தில் 529-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி தொழிலாளரின் பாக்கி, பிணையுள்ள வங்கிகளின் கடனோடு சமமாக, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திவால் தொகுப்பு அதைச் சுருக்கியது. 53-ஆம் பிரிவின்படி, கலைப்புக்கு முந்தைய 24 மாதப் பாக்கிக்கு மட்டுமே அச்சமநிலை. தொழிலாளர் அல்லாத ஊழியருக்கு 12 மாதம், அதுவும் அடுத்த படியில். ஒப்பந்த முகமை வழியாக வந்தவர் நிறுவனத்தின் கணக்கேட்டிலேயே இல்லை. வாடிக்கையாளரோ ‘எஞ்சிய கடன்கள்’ என்ற படியில், பங்குதாரருக்குச் சற்று மேலே நிற்கிறார்.

மோசர் பேர் நிறுவனத்தை நம் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கணினிக் குறுந்தகடுகளையும் பென் டிரைவ்களையும் செய்த நொய்டா நிறுவனம். தமிழ்த் திரைப்படக் குறுந்தகடுகளை மிகக் குறைந்த விலைக்குக் கடைகளில் நிறைத்ததும் அதுவே. 2018-இல் அது கலைப்புக்குச் சென்றது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கலைப்புச் சொத்தில் சேரா, அவை தொழிலாளருக்கே உரியவை என்ற வாதத்தை, பாரத ஸ்டேட் வங்கியை எதிர்த்து, அதன் தொழிலாளர் சங்கம் 2019-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் வென்றது. ஆயின் தங்கள் பாக்கி முழுமையும் 53-ஆம் பிரிவின் வரிசைக்கு வெளியே வைக்கப்பட வேண்டும் என்ற சங்கத்தின் வழக்கை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெற்றியும் தோல்வியும் சேர்ந்த அவ்வழக்கு, ஒவ்வொரு தொழிற்சங்கத் தோழரும் படிக்க வேண்டியது.

வாடிக்கையாளரின் நிலைக்கு விமான நிறுவனங்கள் சான்று. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க ஆணையிட்டது. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் நின்றது. 2025 ஜனவரியில் கலைப்புக்குச் சென்றது. முன்கூட்டிப் பயணச்சீட்டு வாங்கியோர் லங்காஷயர்க் குடும்பங்களின் இடத்தில் நின்றனர். நுகர்வோர் மன்றத்துக்குச் செல்லலாம் என்றால், திவால் நடவடிக்கை தொடங்கியதும் 14-ஆம் பிரிவு நிறுவனத்தின் மீதான வழக்குகளை நிறுத்தி வைக்கிறது. கடனீந்தோர் குழுவில் வாக்கு வங்கிகளுக்கே. சிறு கடனீந்தோருக்கு வாக்கில்லை.

தொழிலுறவுத் தொகுப்பு, 2020, ஆலையை மூட அரசின் அனுமதி பெற வேண்டிய வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியிருக்கிறது. கடைத் தொழிலாளிக்கு அந்தப் பழைய 100 என்ற காப்பும் ஒருபோதும் இருந்ததில்லை. நகரந்தோறும் பெருகிவரும் மின்னணுப் பொருட்கடைகளில் நாள் முழுவதும் நின்றே விற்கும் இளைஞர் மீதும், பண்டிகைக் காலத்தில் முன்பணம் கட்டி, கூடுதல் உத்தரவாதமும் வாங்கி வெளியேறும் குடும்பத்தின் மீதும் ஒரே கத்தி தொங்குகிறது.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

நமது கோரிக்கைக்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, வங்கிக்கு முன்னுரிமை இல்லையேல் அது கடன் தராது என்பது. தரும், ஆராய்ந்து தரும். நிறுவனத்தின் கணக்கேடுகளைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் கணக்கர் படையும் வங்கிக்கு உண்டு. கடையில் வரிசையில் நிற்கும் தாய்க்கு உண்டா? ஆபத்தை அறிய வல்லவர் ஆபத்தைச் சுமக்கட்டும்.

இரண்டாவது, முன்பணத்தை நிறுவனம் பயன்படுத்த முடியாவிட்டால் விலை உயரும் என்பது. உயர்ந்தால், இன்றைய விலை பொய்விலை என்பதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று பொருள். ஆயிரம் பேருக்குச் சிறிது மலிவாக விற்று, கடைசி நாளில் நூறு பேரின் முழுப் பணத்தையும் விழுங்குவது மலிவு அன்று. அது வெற்றி பெற்றவர் வெளியே தெரியாத சூதாட்டம்.

மூன்றாவது, முன்பணத்தைத் தனியே வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது. வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், 2016, வீடு வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கக் கட்டளையிடுகிறது. வீடு வாங்குவோர் தெருவில் இறங்கியும் நீதிமன்றப் படியேறியும் போராடியதால் 2018-இல் திவால் தொகுப்பு திருத்தப்பட்டு, அவர்கள் நிதிக் கடனீந்தோர் என ஏற்கப்பட்டு, வாக்கும் பெற்றனர். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீட்டுக்கு இயல்வது கணினிக்கும் பயணச்சீட்டுக்கும் இயலாதா?

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவரின் ஊதியப் பாக்கியும், 24 மாத வரம்பின்றி, வங்கிகளுக்கு முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டும். பொருள் கைக்கு வரும்வரை வாடிக்கையாளரின் முன்பணம் தனிக் கணக்கில் வாடிக்கையாளரின் சொத்தாகவே இருக்க வேண்டும். காப்பீட்டின் பின்துணையின்றிக் கூடுதல் உத்தரவாதம் விற்பது தடை செய்யப்பட வேண்டும். கடனீந்தோர் குழுவில் தொழிலாளருக்கும் நுகர்வோருக்கும் வாக்குரிமை வேண்டும். கடைத் தொழிலாளரைப் பொறுத்தவரை, கடைதோறும் தலை எண்ணாமல் நிறுவனம் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு ஆட்குறைப்பு விதிகள் பொருத்தப்பட வேண்டும்.

இவை திவாலை ஒழித்துவிடா. போட்டியும் திவாலும் முதலாளித்துவத்தோடு பிறந்தவை, அதனோடுதான் மறையும். ஆனால் வீழ்ச்சியின் சுமையை எவர் தோளில் ஏற்றுவது என்பது இன்றே நடக்கும் வர்க்கப் போராட்டத்தின் பொருள். தொழிலாளியின் கூலி உயர்ந்தால் நுகர்வோருக்கு விலை உயரும் என்று சொல்லி இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்துவது ஆளும் வர்க்கத்தின் பழைய உத்தி. திவால் வரிசையின் கடைசியில் பார்த்தால் இருவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். பல வேளைகளில் இருவரும் ஒருவரே. நம் தொழிற்சங்கத் தோழர்கள் கடைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டும்போது, அதே தெருவில் முன்பணம் கட்டி ஏமாந்த குடும்பங்களையும் சந்தித்து, இருசாராரின் பாக்கிகளையும் ஒரே மனுவில் எழுதித் தொழிலாளர் துறையிடமும் தீர்ப்பாயத்திலும் கொடுக்கட்டும். வரிசையை மாற்றும் இயக்கம் அம்மனுவிலிருந்து தொடங்கலாம்.